பிரொக்ஸியில் கையெழுத்து வைக்க முன்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளவத்தையில் அம்மாவோடும் ஒன்பது வயது மகளோடும் இருக்கிறீர்கள். கணவர் கனடா போய் நாலு வருடம். முதல் வருடம் காசு அனுப்பினார். பிறகு காசும் இல்லை, கதையும் இல்லை. போன வருடம் அப்பா தவறிவிட்டார். அவர் பெயரில் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடும், தகப்பன் வழியில் வந்த மானிப்பாய்க் காணியும் இருக்கின்றன. அண்ணா லண்டனில். மேசை லாச்சியில் அப்பா கைப்பட எழுதி, பக்கத்து வீட்டார் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்த கடிதம் ஒன்றும் அகப்பட்டிருக்கிறது. "விவாகரத்துக்கு ஒரு லோயர், அப்பாவின் சொத்துக்கு இன்னொரு லோயர் பிடிக்கவா? நல்ல ஆளை எப்படித் தெரிந்துகொள்வது? எவ்வளவு கேட்பார்கள்?" என்பது உங்கள் கேள்வி.

நான் சட்டத்தரணி இல்லை. கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கிளாக்காக இருந்தவன். வழக்குப் பைல்களைக் கட்டுவதும், தவணை குறிப்பதும், வாசலில் அழுதுகொண்டு நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் என் வேலை. ஆகவே கீழே சொல்வதைச் சட்ட ஆலோசனையாக எடுக்காமல், சட்டத்தரணியின் முன்னால் போய் இருக்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்ற ஆயத்தமாக எடுங்கள்.

முதலில் ஒன்று. இரண்டையும் வேறு வேறு வழக்கு என்று நினைக்கிறீர்கள். நீதிமன்றக் கணக்கில் அவை இரண்டுதான். உங்கள் விடயத்தில் மட்டும் இரண்டும் ஒரு இடத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. அந்த முடிச்சின் பெயர் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துக்கான வழமைச் சட்டம்.

கொழும்பில் எத்தனை வருடம் இருந்தாலும், வடமாகாணத்துத் தமிழர் என்ற அடையாளம் உள்ள குடும்பத்துக்குத் தேசவழமைச் சட்டம் கூடவே வரும். வெள்ளவத்தையில் வீடு வாங்கியதால் மட்டும் அது கழன்று போகாது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்வது இது: தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணந்த பெண், அந்தத் திருமணம் நிலைத்திருக்கும்வரை தேசவழமைக்குள் வருவாள். அதற்கு உட்படாத ஆணை மணந்தால், தானே யாழ்ப்பாணத்துப் பெண்ணாக இருந்தாலும் வெளியே போவாள். அப்பாவின் சொத்து எப்படிப் பிரியும் என்பதற்கு அப்பாவின் ஊர் முக்கியம். உங்கள் பங்கை நீங்கள் எப்படிக் கையாளலாம் என்பதற்கு உங்கள் கணவரின் ஊர் முக்கியம். அவர் யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலையகமா என்று நீங்கள் எழுதவில்லை. சட்டத்தரணி கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

ஏன் என்றால், கணவரும் தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால், உங்கள் பெயரில் வரும் காணியையோ வீட்டையோ விற்க, ஈடு வைக்க, அன்பளிப்பாக எழுத அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். நாலு வருடமாகக் குரலே கேட்காத மனிதரின் கையெழுத்து! இதற்கு அதே சட்டத்தில் வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது எங்கே என்று தெரியாவிட்டால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். விவாகரத்து முடிந்துவிட்டால் அந்தத் தேவையே இராது. அப்படியானால் எதை முதலில் தொடங்குவது, எந்த வேகத்தில் கொண்டுபோவது என்பதை இரண்டு கதையும் தெரிந்த ஒருவர்தான் தீர்மானிக்க முடியும். இரண்டு வேறு ஆட்களிடம் கொடுத்து, ஒருவருக்கு மற்றவர் என்ன செய்கிறார் என்று தெரியாமல், விற்கிற நேரத்தில் வந்து முட்டிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கட்டாயம் ஒரே ஆள்தான் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மாவட்ட நீதிமன்றத்தில் குடும்ப வழக்கும் மரணசாதன (உயில், இறந்தவர் சொத்து) வழக்கும் செய்கிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு பேராக இருந்தால் இரண்டு பேருக்கும் முழுக் கதையும் தெரியவேண்டும்.

அப்பாவின் கடிதத்துக்கு வருகிறேன். சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி மரணசாதனம் இரண்டு விதமாகத்தான் செல்லும். நொத்தாரிசுக்கும் (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவர்) இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் கூட இருந்த ஐந்து சாட்சிகள் வேண்டும். அப்பாவின் கடிதத்தில் இரண்டு சாட்சிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது மரணசாதனமாக நிற்பது கடினம். அதைக் கிழித்துவிடாதீர்கள், ஒளிக்கவும் வேண்டாம்; மூலப் பிரதியைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வேறு எங்கேயாவது நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய சாதனம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். அப்பாவின் பழைய காணி, வீட்டு உறுதிகளை எழுதிய நொத்தாரிசின் பெயர் உறுதியிலேயே இருக்கும். அவரிடமோ அவருடைய அலுவலகத்திலோ ஒரு தரம் விசாரியுங்கள்.

மரணசாதனம் இல்லை என்றால், அதை நீதிமன்றம் ஏற்று உறுதிசெய்யும் புரோபேட் என்ற பேச்சே இல்லை. இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாகக் கடிதம் எடுக்கவேண்டும். சொத்தின் பெறுமதி சட்டம் குறித்த வரம்பைத் தாண்டினால் இது இல்லாமல் உரிமையைக் காட்ட முடியாது. வெள்ளவத்தை வீடு ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும். மாவட்ட நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக்கடதாசியும் போட்டு, மரணச் சான்றிதழ், உரிமைக்காரர் விபரம், சொத்து விபரம் எல்லாம் இணைத்து, பத்திரிகையில் அறிவித்தல் போடுவார்கள். எதிர்ப்பு வராவிட்டால் ஒருவரை நிர்வாகியாக நியமிப்பார்கள். பெரும்பாலும் அம்மாவை அல்லது உங்களை. பிறகு சொத்து விபரப் பட்டியலும் கடைசியில் கணக்கும் கொடுக்கவேண்டும்.

பிரிப்பு எப்படி? தேசவழமையில், அப்பா கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய வெள்ளவத்தை வீடு தேடியதேட்டம். அதில் பாதி அம்மாவுக்கு, மறுபாதி உங்களுக்கும் அண்ணாவுக்கும். மானிப்பாய்க் காணி தகப்பன் வழியில் வந்தது, அதனால் முதுசம். பிள்ளைகள் இருக்கும்போது பொதுவாக அது பிள்ளைகளுக்கே போகும். தேசவழமைக்கு வெளியே உள்ள குடும்பமாக இருந்திருந்தால் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதில் உயிரோடு இருக்கும் துணைக்கு எல்லாவற்றிலும் பாதி. ஆகவே அம்மாவுக்கு மானிப்பாயில் பங்கு உண்டா இல்லையா என்பதே எந்தச் சட்டம் என்பதில் தங்கியிருக்கிறது. உங்களுக்குச் சீதனமாக ஏதாவது எழுதித் தந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது கணக்கில் வரக்கூடியது. பிறகு அண்ணாவின் வாயிலிருந்து வருவதைவிட இப்போதே உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

இனி விவாகரத்து. இந்த இடத்தில் நம் ஆட்கள் இந்திய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து குழம்புகிறார்கள். "இரண்டு பேரும் சம்மதித்தால் ஆறு மாதத்தில் முடியும்" என்பது அந்த நாட்டுச் சட்டம். இங்கே பொதுச் சட்டத்தின் கீழ் பதிந்த திருமணத்துக்கு, இருவரும் சம்மதம் என்பது ஒரு காரணமே இல்லை. திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களைத்தான் சொல்கிறது: திருமணத்துக்குப் பின்னான பிறர்மனை உறவு, வன்மத்தோடு கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே கலியாணம் முறிந்துவிடும் என்று சொல்கிறவர்களையும் நம்பவேண்டாம். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் எதுவும் முறியாது. முஸ்லிம் திருமணங்கள் காதி நீதிமன்றத்துக்கும், கண்டியச் சட்டத்தில் பதிந்தவை மாவட்டப் பதிவாளருக்கும் போகும். உங்களுக்கு இரண்டும் பொருந்தாது.

உங்கள் கதைக்குப் பொருந்துவது வன்மமான கைவிடல். வெளிநாடு போனது மட்டும் கைவிடல் ஆகாது. உழைக்கப் போனவர்கள் எத்தனையோ பேர். திரும்பிச் சேர்ந்து வாழும் எண்ணம் இல்லாமல் விட்டுவிட்டார் என்பதைக் காட்டவேண்டும். காசு நின்ற மாதம் வங்கிப் புத்தகத்தில் இருக்கும். நீங்கள் அனுப்பி அவர் பார்த்தும் பதில் போடாத வட்ஸ்அப் செய்திகள் இருக்கும். "இனி எனக்கு எழுதாதே" என்று எப்போதாவது எழுதியிருந்தால் அது மிகப் பெறுமதியானது. போனை மாற்றும்போது அழிந்துபோகாமல் இன்றே எடுத்து வையுங்கள். அங்கே வேறு பெண்ணோடு இருக்கிறார் என்ற சந்தேகத்தையும் எழுதியிருந்தீர்கள். அந்தக் காரணத்தில் போனால் அந்தப் பெண்ணையும் வழக்கில் சேர்க்கவேண்டி வரும். கனடாவில் இருந்து சாட்சியம் எடுப்பதும் இலேசில்லை. அதைத் தவிர்த்துக் கைவிடலில் போவோம் என்று சட்டத்தரணி சொன்னால், உங்கள் கோபத்தை அவர் மதிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

வழக்கை நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். அவர் கனடாவில் இருப்பதால் நீதிமன்ற அனுமதியோடு அழைப்பாணை அங்கே போகவேண்டும். இதில்தான் மாதங்கள் ஓடும். சரியான முகவரி கிடைத்தால் பாதிச் சிரமம் தீரும். அவருடைய தாய் தகப்பனிடமோ, உறவினரிடமோ இப்போதே கேட்டு வையுங்கள். அவர் வராவிட்டால் ஒருதலைப்பட்ச விசாரணை நடக்கும். அப்போதும் நீங்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவேண்டும். முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் போனபிறகுதான் அது முடிவான தீர்ப்பாகும். அதுவரை சட்டப்படி அவர் உங்கள் கணவர்.

இந்த இடைவெளியில் உங்களுக்கு ஏதாவது நடந்தால் என்ன என்ற பயம் உங்களுக்கு இருக்கும். தேசவழமையில்கூட மரணசாதனம் எழுதக் கணவரின் சம்மதம் தேவையில்லை. மகளின் பெயருக்கு ஒன்று எழுதுவதைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

மகளின் பொறுப்பு, தாபரிப்பு (பராமரிப்புக் காசு) இரண்டையும் இதே வழக்கில் கேட்கலாம். பிள்ளையின் கடவுச்சீட்டு, வெளிநாட்டுப் பயணம் என்று வரும்போது தகப்பனின் சம்மதம் கேட்பார்கள். அப்போது நீதிமன்றக் கட்டளை கையில் இருக்கவேண்டும். தாபரிப்புக்காக விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம். அவருக்கு இங்கே வருமானமோ சொத்தோ உண்டா என்பதில்தான் கட்டளையின் பலன் தங்கியிருக்கும்.

இப்போது ஆளைத் தெரிவு செய்வது. இதைத்தான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

பிரொக்ஸி என்பது ஒரே ஒரு தாள். அதில் உங்கள் பெயர், வழக்கின் விபரம், இன்னாரை என் சட்டத்தரணியாக நியமிக்கிறேன் என்ற வாசகம், கீழே உங்கள் கையெழுத்து. அவ்வளவுதான். ஆனால் அது பைலில் ஏறிய நிமிடத்திலிருந்து உங்களுக்காக அந்த வழக்கில் கடதாசி போடக்கூடியவர் அவர் ஒருவரே, பதிவுச் சட்டத்தரணி அவர்தான். கூண்டுக்கு முன்னால் நின்று வாதாடுகிறவர் வேறு ஒருவராக இருக்கலாம்; அவரைக் கவுன்சில் என்பார்கள். அந்தக் காலத்தில் பிரக்கிராசியார், அப்புக்காத்து என்று வேறாக இருந்தவர்களை 1974இல் ஒன்றாக்கி எல்லாரையும் சட்டத்தரணி ஆக்கினார்கள். வேலை மட்டும் இன்றைக்கும் அப்படியே இரண்டாகப் பிரிந்து நடக்கிறது. உங்களோடு இனிமையாகக் கதைத்தவர் கவுன்சிலாக இருந்து, பிரொக்ஸியில் உள்ள பெயரை நீங்கள் ஒருநாளும் கண்டிராவிட்டால், அவசரத்தில் யாரைப் போய்ப் பிடிப்பீர்கள்? பிறகு மாற்ற நினைத்தாலும் சும்மா மாற்ற முடியாது. பழைய பிரொக்ஸியை எழுத்து மூலம் ரத்துச் செய்து, அவருக்கு அறிவித்து, நீதிமன்றத்தின் அனுமதியும் எடுக்கவேண்டும்.

ஒரு அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து எங்களிடம் வந்தவர். வேறு ஒரு இடத்தில் நடைபாதைத் தூணில் தாளை வைத்து மூன்று வெற்றுப் பிரொக்ஸியில் கையெழுத்துப் போட்டிருந்தார். எந்த நீதிமன்றம், எந்த வழக்கு என்று ஒன்றும் நிரப்பியிருக்கவில்லை. தன் வழக்குக்கு இலக்கம் விழுந்துவிட்டதா என்பதே ஒன்றரை வருடமாக அவருக்குத் தெரியாது. பதிவறையில் போய்த் தேடிப் பார்த்தேன்; வழக்கே போடப்படவில்லை. அந்த அம்மா கைப்பையைத் திறந்து கொடுத்த காசுக்கெல்லாம் ஒரு பற்றுச்சீட்டும் இல்லை. அந்தக் கைப்பை மூடும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். நிரப்பிய பிரொக்ஸியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வழக்கு இலக்கம் விழுந்ததும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மொழி இன்னொன்று. தமிழும் நீதிமன்ற மொழிதான். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் வழக்குப் போடவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. கொழும்பில் நடைமுறையில் கடதாசிகள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோதான் போகும். உங்கள் சத்தியக்கடதாசியைத் தமிழில் வரிவரியாக வாசித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்குகிறவரிடம் போகாதீர்கள். கணவர் வீட்டை விட்டுப் போன வருடத்தை ஒரு தங்கச்சியின் சத்தியக்கடதாசியில் யாரோ மாற்றி அடித்துவிட்டார்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு இலக்கத்தை வைத்து அவரை ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை, வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வைத்தார், அவ்வளவுதான்.

கட்டணத்துக்கு ஒரே விலை இல்லை, ஆகவே நான் தொகை சொல்லப் போவதில்லை. சிலர் முழு வழக்குக்கும் ஒரு தொகை பேசுவார்கள். சிலர் வழக்கு எழுதிப் போட ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு தவணைக்கும் ஒன்று. தவணைக் கணக்கு முதலில் சிறிதாகத் தெரியும். வழக்கு ஒத்திவைக்கப்படும் நாட்களிலும் அதே காசா என்று கேளுங்கள். கவுன்சிலுக்கு வேறாகவா, முத்திரை, பத்திரிகை அறிவித்தல், மொழிபெயர்ப்பு, கனடாவுக்கு அனுப்பும் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். பதிலை ஒரு கடதாசியில் எழுதித் தரச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காணியில் ஒரு பங்கு தந்தால் போதும் என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஜனாதிபதி சட்டத்தரணி தேவைப்படும் வழக்கும் இது இல்லை.

நீதிமன்ற வாசலில் "அக்கா, என்ன கேஸ்?" என்று வருகிறவர்களோடு போகவேண்டாம். தெரிந்தவர் சொன்ன இரண்டு மூன்று பேரிடம் ஆலோசனைக் காசு கொடுத்துப் போய்க் கதையுங்கள். அந்தக் காசு வீண் இல்லை. உங்கள் ஊர், கணவரின் ஊர், அப்பா எப்போது கலியாணம் கட்டினார், வீட்டை எந்த வருடம் எந்தக் காசில் வாங்கினார், சீதனம் என்ன என்று ஒருவர் உங்களைக் கேட்கத் தொடங்கினால், அவருக்கு இந்த வேலை தெரியும். ஒன்றும் கேட்காமல் "ஆறு மாதத்தில் முடித்துத் தாறன்" என்றால், அவர் இன்னும் உங்கள் வழக்கைக் காணவில்லை. கையில் காசு இல்லாத நிலைமை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது, புதுக்கடையிலேயே அலுவலகம். வருமானத்தைப் பார்த்து எடுப்பார்கள். குடும்ப வழக்குகள் அங்கே நிறைய நடக்கின்றன. சட்டத்தரணி மீது முறைப்பாடு என்றால் சட்டத்தரணிகள் சங்கத்திடமும் போகலாம், ஒழுக்காற்று அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது.

முதல் சந்திப்புக்குக் கொண்டுபோக: திருமணப் பதிவுச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மா அப்பாவின் திருமணச் சான்றிதழ், இரண்டு உறுதிகளின் போட்டோ கொப்பி, வங்கிப் புத்தகம், லாச்சிக் கடிதம். உறுதிகளின் மூலப் பிரதியை, வாங்கினேன் என்று எழுதித் தந்தால் ஒழிய விட்டுவிட்டு வராதீர்கள். மானிப்பாய்க் காணிக்கு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். அங்கே சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் சொல்லி வையுங்கள்.

அண்ணாவுக்கு இன்று இரவே எழுதுங்கள். நிர்வாகக் கடிதத்துக்கு அவருடைய சம்மதமும், இங்கே ஒருவர் அவருக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவமும் தேவைப்படலாம். அதை லண்டனில் இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் போய்க் கையெழுத்து வைக்க அவருக்கு ஒரு நாள் லீவு எடுக்கவேண்டி வரும். எழுதும்போது லாச்சிக் கடிதத்தின் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.